ஐஸ் தம்பிராசாவும் ஏழு வெந்நீர்க் கிணறுகளும்

திருகோணமலையில் மீன் பிடித்தவர்களிலும் மீன் ஏற்றியவர்களிலும் ஐஸ் தம்பிராசாவைத் தெரியாதவர்கள் குறைவு. உட்துறைமுகக் கரையில் ஸைனுலாப்தீன் முதலாளிக்கு ஓர் ஐஸ் ஆலை இருந்தது. அங்கே ஐஸ்கட்டி இழுக்கிற வேலை தம்பிராசாவுக்கு. மெலிந்த உடம்பு, காற்றடித்தால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போலிருப்பார். ஆனால் தோளில் சணல் சாக்கைப் போட்டுக்கொண்டு கையில் கொக்கியை எடுத்தாரென்றால், பெரிய ஐஸ்கட்டி சொற்கேட்டு வழுக்கிக்கொண்டு போய் லொறி வாசலில் நிற்கும். மற்றவர்கள் கொஞ்ச நேரம் உள்ளே நின்றாலே பல் கிட்டி வெளியே ஓடிவந்து வெயில் காய்வார்கள். தம்பிராசா வெளியே வரமாட்டார். மத்தியானச் சோற்றுப் பார்சலைக்கூடக் குளிர் அறை வாசலில் குந்தியிருந்துதான் பிரிப்பார்.

“இந்த மனிசனப் பெத்த நேரம் மார்கழி மாரி கொட்டியிருக்கும்” என்று முதலாளி பகிடி பண்ணுவார். தம்பிராசா சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிக்குப் போய்விடுவார்.

இதே மனிதர் வீட்டுக்குள் கால் வைத்தால் வேறு ஆள். அவரும் மனைவி இராசமலரும் திரியாயில் வயல் செய்தவர்கள். எண்பத்தைந்தில் சண்டையில் ஊர் எரிந்தபோது உடுத்த உடுப்போடு ஓடிவந்து, இடம்பெயர்ந்தவர்களுக்கென்று பாலையூற்றில் அடித்துக் கொடுத்த தகரக் கூரை வீடொன்றில் ஒதுங்கினார்கள். பிள்ளை குட்டி இல்லை. தம்பிராசாவின் தாய் மூத்த மகளோடு முள்ளியவளைக்குப் போய்விட்டாள். அது இராணுவத்தோடு சண்டையிட்ட இயக்கத்தின் கையில் இருந்த ‘அந்தப் பக்கம்’. அந்தப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தால் பயம், வராவிட்டால் கவலை. அந்தக் கவலையையும் பயத்தையும் ஒரே பாயில் போட்டுக்கொண்டுதான் அவர்கள் படுத்தார்கள்.

வேலை முடிந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, அந்தத் தகரத்தின் கீழ் நுழைந்ததும் தம்பிராசா துணி போலத் துவண்டு விழுவார். கை தூக்க மனம் வராது. கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமெடுக்கும். தேங்காய் துருவித் தரச் சொன்னால் அரைமூடியோடு நித்திரையாகிவிடுவார்.

“உங்கட உழைப்பெல்லாம் ஐஸுக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுவாறது எலும்பும் தோலும் மட்டும்” என்பாள் இராசமலர். கோபமாகச் சொல்ல மாட்டாள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றிருக்கும். வேலைக் கள்ளன் என்று பெயரெடுக்க எந்த ஆம்பிளைக்குத்தான் விருப்பம்?

அவர் அவளிடம் சொல்லாத சில விஷயங்கள் இருந்தன. ஒருநாள் காலையில் எழும்பியபோது வலக்கண்ணில் அடுப்புப் புகை மூடினதுபோல் இருந்தது. அவளுடைய சிவப்புச் சேலை அந்தக் கண்ணுக்கு வெளிறிப்போய், தோய்த்துத் தோய்த்துச் சாயம் போன சேலையாகத் தெரிந்தது. சில கிழமைகளில் தானாகத் தெளிந்துவிட்டது. பிறகு கால்கள். நிலத்தில் மிதித்தால் சாக்கை மிதிப்பதுபோல் ஒரு மரத்த உணர்வு. குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக மின்சாரம் இறங்கியது. அதுவும் வந்தது, போனது. வந்ததெல்லாம் போய்க்கொண்டிருந்தால் எதற்கு மனிசியைப் பயப்படுத்த வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார். அந்த நாட்களில் ஆட்கள் காணாமற் போய்க்கொண்டிருந்த ஊரில், ஒரு கண்ணில் புகை மூடியதை யார் பெரிசாக எடுக்கப்போகிறார்கள்?

தொண்ணூற்றைந்து சித்திரையில் துறைமுகத்துக்குள் கடற்படைக் கப்பல்கள் வெடித்து மூழ்கின. சண்டை திரும்பவும் தொடங்கியது. கடலுக்குப் போகத் தடை என்றார்கள். பிறகு கொஞ்ச நேரம் போகலாம் என்றார்கள். பிறகு அதுவும் இல்லை என்றார்கள். மீன் இல்லாத ஊருக்கு ஐஸ் எதற்கு? முதலாளி இயந்திரத்தை நிறுத்தினார். கடைசிக் கட்டிகள் உமிக்குள் கிடந்து உருகித் தண்ணீராய் ஓடியதைத் தம்பிராசா வாசலில் நின்று பார்த்தார்.

“ஒண்டும் யோசியாதீங்க. கடல் திறந்தா முதல் ஆள் நீங்கதான்” என்றார் முதலாளி. நல்ல மனிதர், மூதூர்க்காரர். சொன்னதைச் செய்யக் கூடியவர்தான். கடல் அவர் கையில் இல்லை.

வீட்டில் இருக்கத் தொடங்கியதும் உடம்பு வருத்தம் பதுங்கியிருந்த இடத்திலிருந்து எழும்பி வந்தது. இந்த முறை வந்தது போகவில்லை. வலது கால் நிலத்தில் இழுபட்டது. மத்தியானமானால் நாக்குத் தடித்து, சொல் குழறியது. விலா எலும்பைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருந்தது. சுவரைப் பிடித்துக் கிணற்றடிக்குப் போய், சுவரைப் பிடித்துத் திரும்பி வந்தார்.

வீட்டுக்குள் தள்ளாடினால் மனைவி பிடிப்பாள். வீதியில் தள்ளாடினால்? அதுதான் பிரச்சினை. அந்தக் காலத்தில் திருகோணமலையில் ஓர் ஆண் நேராக நடக்க வேண்டும். சந்திக்குச் சந்தி சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி. இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மண்மூட்டைகளுக்கு நடுவே சொன்ன வழியில் நடந்து அடுத்த பக்கம் போய் ஏற வேண்டும். நொண்டுகிறவனை நிறுத்துவார்கள். காலில் காயம் எப்படி வந்தது? எந்தச் சண்டையில்? காயமே இல்லை என்றால் ஏன் நொண்டுகிறாய்? தம்பிராசாவின் அட்டையில் இருந்த விலாசமோ திரியாய். அதைப் பார்த்தாலே இயக்கத்து ஊர் என்று அவர்கள் முகம் மாறும். இனி வாழ்வதென்றால் இந்தக் கால்கள் தன்னை ஒவ்வொரு சென்றியாலும் கடத்திவிட வேண்டும், வேறு வழியில்லை என்று அவருக்கு விளங்கியிருந்தது. கால்கள் அதற்குச் சம்மதித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் சந்தைக்குப் போன இடத்தில் ஒரு சிப்பாய் அவரை நிறுத்தி வாயை மணந்து பார்த்தான். “குடிச்சதா?” என்று கேட்டான். இராசமலர் முந்திக்கொண்டு, “ஓம் சேர், ஓம். விடிஞ்சால் பொழுதுபட்டால் இதுதான் வேலை” என்று தலையில் கைவைத்தாள். சிப்பாய் சிரித்துவிட்டுப் போ என்றான். அன்று தொடங்கியது அந்த வழக்கம். வெளியே போகுமுன் ஒரு சின்னப் போத்தலிலிருந்து சாராயத்தை அவருடைய சேட்டில் தெளித்துவிடுவாள். வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காத மனிதர் சாராயம் மணக்க மணக்க வீதியால் போனார். குடிகாரனுக்கு எல்லாச் சென்றியும் வழிவிட்டது. ‘ஐஸ்’ தம்பிராசா ‘தண்ணி’ தம்பிராசாவாகிவிட்டார் என்று அயல் சிரித்தது. அவர் அதையும் சகித்துக்கொண்டார்.

முதலாளிக்குச் சேதி போனது. அவர் சிரிக்கவில்லை. நெல் லொறி ஒன்றில் புருஷனையும் பெண்சாதியையும் ஏற்றிக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூளை நரம்பு பார்க்கிற டொக்டர் பாக்கியரத்தினம் தமிழர். ஊசியால் குத்தியும், சுத்தியலால் தட்டியும், விரலைப் பின்தொடரச் சொல்லியும் பார்த்தார். தலையைப் படம் பிடிக்க அனுப்பினார். பிறகு கையில் மருந்து ஏற்றி, மூளைக்குள் இரத்தம் எங்கெங்கே எவ்வளவு போகிறது என்று காட்டுகிற இன்னொரு படமும் எடுப்பித்தார்.

“நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. உங்கட உடம்பே அதைப் பகையாளி எண்டு நினைச்சு அரிச்சுப்போட்டுது. மூளையிலயும் தண்டுவடத்திலயும் அங்க இங்க தழும்பு விழுந்திருக்கு. ஓடிற சேதி வழியில நிண்டுபோகுது” என்றார் டொக்டர்.

தம்பிராசாவுக்கு அது விளங்கியது. “எங்கட ஆலையில குளிர்க் குழாயளுக்கு மேல தக்கை சுத்தியிருக்கு ஐயா. அது உரிஞ்சால் குளிர் வழியில போயிடும். தொட்டிக்கு வந்து சேராது.”

“ஓம், அப்பிடித்தான்.” டொக்டர் இரண்டாவது படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நிறம் நிறமாக இருந்தது. “இதில பாருங்கோ. மூளைக்குப் போற இரத்த ஓட்டமும் உங்களுக்குக் குறைவாத்தான் இருக்கு. சிவப்பா இருக்க வேண்டிய இடத்தில எல்லாம் நீலம். இரத்தம் குறைஞ்சதாலதான் உறை கெட்டதோ, உறை கெட்டதாலதான் இரத்தம் குறைஞ்சதோ, அது இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. உங்கட களைப்புக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நீங்கள் சோம்பேறி இல்லை, தம்பி.”

தம்பிராசாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். கண் கலங்கிவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் கேட்டிருக்க வேண்டுமே என்ற ஆசை. அவள் கேட்கவில்லை. அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குளிரால வந்ததோ ஐயா? இவர் பத்து வருசமா ஐஸுக்குள்ள நிண்டவர்.”

“இல்லை அம்மா, அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வெயிலில மட்டும் அலைய விடாதேங்கோ. ஊசி எழுதித் தாறன். மூண்டு மாதத்தால திரும்ப வாங்கோ, மிச்சத்தைக் கதைப்பம்.” வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். தாதி அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

படித்தவர்கள் ‘இல்லை’ என்று சொன்னால் பாமரர்கள் உடனே நம்பிவிடுவார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்கள் எங்கள் சனத்தைக் கண்டதில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் இராசமலரின் மனதில் அந்த நீலம்தான். இரத்தம் ஏன் ஓடவில்லை? உறைந்ததால். ஏன் உறைந்தது? இது கேட்க வேண்டிய கேள்வியா? நெய்கூடக் குளிரில் உறைகிறது. உறைந்ததை எதனால் உருக்குவது? அயலிலும் கேட்டுப் பார்த்தாள்; எல்லோருக்கும் அதே விடை. குளிர் மூளைக்கு ஏறிவிட்டது, சூடு காட்ட வேண்டும். எண்ணெய் காய்ச்சிப் பூசினார்கள். நொச்சி இலை போட்டு ஆவியெழக் கொதிக்கவைத்து வேது பிடித்தார்கள். கொழும்பு ஊசியால் கொஞ்சம் நிமிர்ந்த கால் திரும்பவும் மடங்கியது. காட்டுகிற சூடு போதவில்லை என்று முடிவு கட்டினார்கள். தம்பிராசாவும் அப்படித்தான் நம்பினார். தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரியாததை நாலு பேர் ஒரே குரலில் சொல்லும்போது மறுக்க அவருக்குப் பலமும் இல்லை.

பிறகென்ன, சூடு என்றால் கன்னியா.

பாலையூற்றிலிருந்து மேற்கே போனால் காட்டோரத்தில் கன்னியா. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூட்டில் வெந்நீர் ஊறும். வாதக்காரர் தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குளித்த தண்ணீர். செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வதும் அங்கேதான். ஆனால் சண்டைக் காலத்தில் காட்டுப் பக்கம் சும்மா போக விடமாட்டார்கள். குளிக்கப் போகிறோம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். அந்தியேட்டி என்றால் மட்டும், அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி விடுவார்கள். சாவுக்கு இருந்த மரியாதை நோய்க்கு இருக்கவில்லை.

“அந்தியேட்டி எண்டே சொல்லுவம் அக்கா” என்றான் இராசமலரின் தம்பி யோகலிங்கம். ஓட்டோ ஓட்டுகிறவன். “ஆர் கணக்குப் பாக்கப் போறாங்கள்?”

“எங்கட அப்பான்ர பேரைச் சொல்லு. செத்தவர்தானே, கோவிக்க மாட்டார்” என்றாள் அவள். ஆனாலும் எள்ளும் தர்ப்பையும் வாழையிலையும் பச்சரிசியும் பையில் வைக்கும்போது அவளுக்குக் கை கூசியது. அழாத வீட்டில் எள்ளுப் பொட்டலம் கட்டக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குச் சாராயம் தெளிக்கவும் வழியில்லை; அந்தியேட்டிக்குப் போகிறவன் சாராயம் மணந்தால் எந்தச் சிப்பாயும் நம்ப மாட்டான். தம்பிராசா தோய்த்த வேட்டி உடுத்து, திருநீறு பூசி, வந்தது வரட்டும் என்று ஓட்டோவில் ஏறினார். அடுத்த வருசத்துச் சித்திரை மாதம். ஆனால் காலை இன்னும் சூடேறவில்லை. கால் இரண்டும் ஏதோ சொற்கேட்டன.

கன்னியா வீதியில் இருந்த சென்றியில் பொறுப்பதிகாரியான சாஜன் ஒருவர் மேசை போட்டு இருந்தார். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். மூன்று அட்டைகளையும் வாங்கினார். தம்பிராசாவின் திரியாய் அட்டையில் பெருவிரல் நின்றது.

“ஆர் செத்தது?”

யோகலிங்கம் படித்து வைத்த பாடம் அந்த இடத்தில் மறந்துபோய்விட்டது. “அத்தான்ர அம்மா சேர்” என்றுவிட்டான்.

தம்பிராசா மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். உயிரோடிருக்கிற தாய். மறுத்துச் சொல்லவும் ஏலாது. சாஜன் அவரைப் பார்த்தார். “உன்ர அம்மா?” தம்பிராசா தலையாட்டினார். சாஜனுக்குத் தாய் இருந்திருக்க வேண்டும், குரல் தணிந்தது. “போ. பன்ரெண்டு மணிக்கு இஞ்ச வர வேணும்.” தம்பிராசா மண்மூட்டைகளுக்கு நடுவால் நேராக நடந்தார். எல்லோரும் பார்க்க நடந்தார்.

கன்னியாவில் சனமே இல்லை. ஒரு குரங்குக் கூட்டம் மட்டும் மதிலில் இருந்து பார்த்தது. முதற் கிணற்றில் தொடங்கினார்கள். யோகலிங்கம் அள்ளி அள்ளிக் கொடுக்க, இராசமலர் தலையில் ஊற்றினாள். ஆகச் சூடான கிணற்றை அவள் விரலை விட்டுப் பார்த்தே கண்டுபிடித்து, அங்கே அவரை இருத்தி, அதே கிணற்றுத் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றினாள்.

“இரத்தம் ஓடுதோ? ஓடிறமாதிரிக் கிடக்கோ?” என்று கேட்டுக் கேட்டு ஊற்றினாள்.

“ஓடுது மலர், ஓடுது” என்றார் தம்பிராசா. முதலில் உண்மையாகவே சுகமாக இருந்தது. இறுகிக் கிடந்த தசைகள் இளகின. தோல் சிவந்தது. அவளுடைய முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்றார். சூடு எலும்பு வரை இறங்கியது.

பிறகு எழும்பப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே யாரும் இல்லை. வலக்கண்ணில் புகை மூடியது. பிறகு இடக்கண்ணிலும் மூடத் தொடங்கியது. மனைவியைக் கூப்பிட வாய் திறந்தார். ஆட்டுக்குட்டி கத்தினதுபோல் ஒரு சத்தம்தான் வந்தது. இராசமலரின் கையிலிருந்து வாளி விழுந்து உருண்டது.

“ஐயோ, என்ர கடவுளே! எள்ளு… நான் எள்ளுக் கட்டியிருக்கக் கூடாது” என்று அவள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். எள் என்ன செய்யும், பாவம்! யோகலிங்கம் அத்தானைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினான். கொண்டுவந்த சாமானெல்லாம் கிணற்றடியில் கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இப்போது வேண்டியதெல்லாம் சென்றியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்றுதான். அதற்கு அவர் இறங்கி நடக்க வேண்டும்.

“எல்லாம் இறங்கு” என்றது சென்றி.

இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாவது ஆளை இறக்கினார்கள். தம்பிராசா மண்ணில் சரிந்தார். சாஜன் மேசையை விட்டு எழும்பி வந்தார்.

“போகேக்க நடந்தது. இப்ப என்ன?”

“சுகமில்லை சேர். வருத்தக்காரன்.”

“காலையில் வருத்தம் இல்லை. ஒரு குளிப்புக் குளிச்சா வருத்தம் வருமா?” காலைத் தூக்கிப் பார்த்தார்கள். வேட்டியை விலக்கிப் பார்த்தார்கள். காயம் இல்லை. வாயை மணந்தார்கள். ஒன்றுமில்லை. இராசமலர் கொழும்பு டொக்டர் எழுதித் தந்த துண்டை நீட்டினாள். மருந்தின் பெயர்தான் அதில் இருந்தது. சாஜன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார்.

“அம்மா எங்க செத்தது?”

தம்பிராசாவுக்கு நாக்கு எழும்பவில்லை. யோகலிங்கம் முந்திக்கொண்டு, “முள்ளியவளையில சேர்” என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு விளங்கியது.

சாஜன் அவசரப்படவில்லை. “முள்ளியவளை. அது மற்றப் பக்கம். அங்க செத்தது உனக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சேதி கொண்டுவந்தது?”

யாரும் சேதி கொண்டுவரவில்லை, யாரும் சாகவில்லை, எல்லாம் பொய் என்று சொன்னால், பிறகு எதற்குக் காட்டுக்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். நோய்க்குத் தண்ணீர் வார்க்கப் போனோம் என்றால், காலையில் நன்றாக நடந்தவனுக்கா என்று கேட்பார்கள். எந்த வாசலால் போனாலும் சுவர்தான். இராசமலர் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். மூளை, இரத்தம், ஐஸ், நீலம் என்று அவள் சொல்லச் சொல்ல அது பொய்யைவிட மோசமான பொய்யாகக் கேட்டது. சாஜன் உள்ளே போய் வயர்லெஸ்ஸில் கதைத்தார். தம்பிராசாவைக் கொண்டுபோக வண்டி வருகிறது என்று சொன்னார்கள்.

தம்பிராசாவை மண்மூட்டைச் சுவரோரம் இருத்தியிருந்தார்கள். நிழல் இல்லை. தலை தொங்கியது. கொஞ்சம் நரைத்த சிப்பாய் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தோளில் தொங்கிய துவக்கைச் சாய்த்துவைத்துவிட்டு, பின்னால் மரநிழலில் இருந்த ஆழக்கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீரைக் காட்டி “வத்துர” என்று மெதுவாகச் சொல்லி, பிள்ளைக்கு வார்ப்பதுபோல் தலையில் வார்த்தார். பச்சைத் தண்ணீர், பாதாளத்துக் குளிர். தம்பிராசாவின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. சிப்பாய் இன்னொரு வாளி கொண்டுவந்தார். பிறகு இன்னொன்று. அவரைத் தாங்கி மரநிழலுக்குள் இழுத்துவிட்டு, அங்கேயும் வார்த்தார்.

அந்த மனிதரின் இரக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அதை யாரும் குறைசொல்லக் கூடாது.

முதலில் திரும்பி வந்தது கண். புகை விலகியது, மரத்தில் இலை தெரிந்தது, இலைக்கு நடுவில் வானம் தெரிந்தது. பிறகு நாக்கு. “மலர்” என்றார், சொல் முழுதாக வந்தது. பிறகு கால்விரல்கள் அசைந்தன. அவர் அவற்றை நம்பாமல் பார்த்தார். மரத்தைப் பிடித்து எழும்பினார். நின்றார். கையை எடுத்தார். அப்போதும் நின்றார்.

“எனக்குக் கால் வந்திட்டுது!” தம்பிராசா சத்தம் போட்டுச் சிரித்தார். “சேர், சேர், பாருங்கோ. நான் நடக்கிறன். நான் நொண்டி இல்லை. எனக்குக் காயமும் இல்லை, ஒண்டும் இல்லை!” மண்மூட்டைகளுக்கு நடுவால், சேறு ஒட்டிய வேட்டியோடு, போய்த் திரும்பி வந்து காட்டினார். நேராக நடக்கிறவனை விடுவார்கள். அந்த ஊரில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். நரைத்த சிப்பாய் கைதட்டாத குறை. இராசமலர் அழுது சிரித்தாள்.

சாஜன் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா நடக்க ஏலும்?”

“ஓம் சேர், நல்லா ஏலும்!”

“வருத்தம் எங்க?”

தம்பிராசாவின் கால்கள் நடுவழியில் நின்றன. சாஜன் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. வண்டி வருகிறது என்றதும் கால் வந்தவனை அவர் இதற்கு முன்னும் கண்டிருப்பார் போலும். மேசையில் இருந்த மூன்று அட்டைகளில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். தம்பிராசாவின் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நடிப்பு நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

வண்டி வந்து நின்றது. ஏறு என்றார்கள். யாரும் தூக்கவில்லை, தூக்க வேண்டியிருக்கவில்லை. தம்பிராசா தன் காலாலேயே ஏறினார்.

வண்டிக்குக் கன்வஸ் கூரை. காலை முழுக்க வெயிலில் நின்ற வண்டி. உள்ளே இரும்புத் தட்டு தொடையைச் சுட்டது. இராசமலர் வண்டியோடு ஓடிவந்தாள். அவள் கண்ணால் கண்டதை இப்போது அவள் மனம் பிடித்துவிட்டது. பத்து வருசம் அந்தக் குளிர் அவரைக் கெடுக்கவில்லை, அதுதான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. “அவருக்குச் சூடு படவிடாதேங்கோ! தண்ணி ஊத்துங்கோ! வத்துர! வத்துர!” என்று அன்று கேட்ட அந்த ஒரு சிங்களச் சொல்லைக் கத்தினாள். நரைத்த சிப்பாய் ஓடிப்போய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து, குடி என்று அவளிடம் நீட்டினார்.

வண்டி திரும்பியது. அவளும் கோப்பையும் சிறுத்துப் போனதைத் தம்பிராசா பார்த்தார். கன்வஸுக்குள் காற்று இல்லை. உடம்பில் இருந்த ஈரம் காய்ந்துகொண்டே வந்தது. சந்தி தாண்டுமுன் வலக்கண்ணில் புகை மூடத் தொடங்கியது. பிறகு விரல்கள். பிறகு முழங்கால். எதிரில் இருந்த சிப்பாயிடம் சொல்லப் பார்த்தார்; நாக்கு ஏற்கெனவே தடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி ஓரிடத்தில் நிற்கும். இறங்கு என்பார்கள். அவரால் இறங்க ஏலாது. அதை இந்த வண்டியில் ஒருவரும் நம்பப் போவதில்லை. அவர் நடந்ததை எல்லோரும் கண்ணால் கண்டவர்கள்.